ஓடாத காணொலி: பழுது யாருடையது?

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கேரளத்தின் வயநாட்டை ஒட்டி அமைந்திருக்கிறது பந்தலூர் வட்டம். தேவாலா, சேரம்பாடி, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி, எருமாடு என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் மூன்றாம் தலைமுறையினர் இங்கே கல்லூரிப் படிப்பில் இருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் பகுதிகளில் இதுவும் ஒன்று. மழை வலுத்தால் மரம் சாயும், மின்சாரம் நிற்கும், பேருந்து வராது. இத்தகைய ஊரில் இணையவழிக் காணொலிப் பாடம் என்பது ஆடம்பரமன்று; வகுப்பறைக்கு மாற்று.

அந்தப் பாடம் ஓடவில்லை என்றால் "இங்கே சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். பல வேளைகளில் அது உண்மைதான். ஆனால், இணைப்பு இருந்தும், மற்ற பக்கங்கள் திறந்தும், காணொலி மட்டும் கறுப்புப் பெட்டியாக நிற்பதுண்டு. "உங்கள் உலாவி இதை ஆதரிக்கவில்லை" என்றோ, பொருள் விளங்காத ஓர் எண்ணையோ அது காட்டும். அப்போது குறை அலைவரிசையில் இல்லை; உலாவிக்கும் காணொலிக்கும் இடையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு மென்பொருளில் இருக்கிறது. அதைச் செருகுநிரல் என்கிறோம். 'பிளக்-இன்' என்றால் பலருக்கும் புரியும். அது ஏன் பழுதாகிறது, எப்படிச் சரிசெய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வி. பழுதின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பது பொருளியல் கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடையில் வந்த தரகர்

தொடக்க கால உலாவிகள் எழுத்தையும் படத்தையும் மட்டுமே காட்டின. 1990-களின் நடுப்பகுதியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியில் பிற நிறுவனங்களின் நிரல்களைச் செருகிக்கொள்ள வாசல் திறந்துவிட்டது. ஒலிக்கு ஒன்று, காணொலிக்கு ஒன்று, அசைவூட்டத்துக்கு ஒன்று என்று செருகுநிரல்கள் வந்தன. அவற்றில் கொடிகட்டிப் பறந்தது ஃபிளாஷ். 1996-இல் மேக்ரோமீடியாவின் கைக்கு வந்து, 2005-இல் அடோபியிடம் சென்றது. அதே ஆண்டு தொடங்கிய யூடியூப் தன் காணொலிகளை ஃபிளாஷ் வழியாகவே காட்டியது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் 'சில்வர்லைட்'டுடன் களமிறங்கியது.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி ரயில் மாறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து வரும் அகலப்பாதை ரயில் அங்கேயே நின்றுவிடும். உதகைக்குச் செல்வது மீட்டர் பாதை. 1,676 மில்லிமீட்டருக்கும் 1,000 மில்லிமீட்டருக்கும் இடையிலான வேறுபாட்டைப் பயணி தன் மூட்டையைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். மலைப்பாதைக்காவது செங்குத்தான சரிவு என்ற நியாயமான காரணம் இருக்கிறது. இணையத்தில் தண்டவாளத்தின் அகலத்தை முடிவுசெய்தது நில அமைப்பன்று. ஒவ்வொரு நிறுவனத்தின் வணிக நலன்.

ஐஃபோன் 2007-இல் வெளிவந்த நாள்முதல் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. 2011-இல் அடோபியும் கைப்பேசிக்கான ஃபிளாஷ் உருவாக்கத்தைக் கைவிட்டது. இன்னொரு பக்கம், எந்தச் செருகுநிரலும் இல்லாமல் உலாவியே காணொலியை ஓட்டும் எச்டிஎம்எல்-5 தரம் 2014 அக்டோபரில் இறுதிவடிவம் பெற்றது. யூடியூப் 2015 ஜனவரியில் அதற்கு மாறியது. குரோம் அதே ஆண்டில் பழைய வகைச் செருகுநிரல்களின் வாசலை மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. 2017 ஜூலையில் அடோபி ஃபிளாஷுக்கு முடிவு நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கங்கள் தாமாகவே தடுக்கப்பட்டன. சில்வர்லைட்டின் ஆயுள் 2021 அக்டோபரில் முடிந்தது.

அந்த ஜனவரி 12-ஐ நம் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். கரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் முதல் மூடப்பட்டிருந்த தமிழகப் பள்ளிகள், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்காக மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 19-இல். மாணவர்கள் திரையை மட்டுமே நம்பியிருந்த கல்வியாண்டின் நடுவில்தான் ஃபிளாஷ் அணைந்தது. மத்திய அரசின் 'மெய்நிகர் ஆய்வகங்கள்' திட்டத்தில் பல சோதனைகள் முதலில் ஃபிளாஷில் உருவாக்கப்பட்டு, பின்னர் புதிய தரத்துக்கு மாற்றி எழுதப்பட்டவை. பள்ளிகளுக்கு விற்கப்பட்ட கணினிவழிப் பாடக் குறுந்தகடுகளிலும் ஃபிளாஷ் நிறைந்திருந்தது. மாற்றி எழுதப்பட்டவை பிழைத்தன. மற்றவை அலமாரியில் வெறும் வட்டுகளாக எஞ்சின.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஃபிளாஷ் போய்விட்டது; ஆனால், 'இடையில் அமர்ந்திருக்கும் மென்பொருள்' முற்றிலும் போய்விடவில்லை. அது மூன்று வடிவங்களில் தொடர்கிறது: நாமே சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்), காணொலியை விரித்துக் காட்டும் குறிவிலக்கி (கோடெக்), கட்டணக் காணொலிகளுக்கான உரிமைப் பூட்டு (டிஆர்எம்). பழுது இவற்றில் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. காசு செலவில்லாமல், வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

முதலில், நோயைப் பிரித்தறிய வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இணைப்பின் வேகம்தான் காரணம். காணொலியின் தரத்தை 240 அல்லது 360 என்று குறைத்துப் பார்க்கலாம். ஒலி வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் திரைவரைவுச் சிக்கல். எந்தத் தளத்திலும் ஓடவில்லை என்றால் உலாவியில் குறை. ஒரே தளத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் நீட்டிப்போ, உரிமைப் பூட்டோ, அந்தத் தளமோ காரணம்.

இரண்டாவது, கணினியின் தேதியைப் பாருங்கள். பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் இது. பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறிய பொத்தான் மின்கலம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். தளமே திறக்காது, அல்லது காணொலி மட்டும் நின்றுவிடும். தேதியைத் திருத்தினால் போதும். மின்கலத்தின் விலையும் மிகக் குறைவே.

மூன்றாவது, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அதே காணொலியைத் திறந்து பாருங்கள். அந்தச் சாளரத்தில் நாம் தனியாக அனுமதித்தாலன்றி நீட்டிப்புகள் இயங்குவதில்லை. அங்கே ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு நீட்டிப்பு, அல்லது தளம் பற்றி உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய தரவு. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துக்குச் சென்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். விளம்பரத் தடுப்பான், காணொலி இறக்கி, இலவச விபிஎன் ஆகிய மூன்றையும் முதலில் சோதிப்பது நல்லது.

நான்காவது, உலாவியைப் புதுப்பியுங்கள். குரோமின் மூன்று புள்ளி மெனுவில் 'ஹெல்ப்', அதில் 'அபவுட் கூகுள் குரோம்' என்ற பகுதியைத் திறந்தாலே புதுப்பிப்பு தொடங்கிவிடும். முடிந்ததும் உலாவியை மூடித் திறக்க வேண்டும்.

ஐந்தாவது, கட்டணக் காணொலிச் சேவைகளில் மட்டும் சிக்கல் என்றால் உரிமைப் பூட்டைப் பார்க்க வேண்டும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'வைட்வைன்' என்ற நிரல் இந்தப் பணியைச் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் டிஆர்எம் உள்ளடக்கத்துக்கு அனுமதி அளிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அது தேர்வாகியிருக்க வேண்டும். குரோமில் அந்தத் தளத்துக்கான அனுமதிப் பட்டியலில் பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கம் தடுக்கப்பட்டிருக்கக் கூடாது. பள்ளியில் பழைய விஜிஏ கம்பி வழியாகப் புரொஜெக்டரில் காட்டும்போது படம் வராமல் போவதற்கும் இந்தப் பூட்டே காரணமாக இருக்கலாம். படப்பிடிப்புத் திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு அந்தக் கம்பியை நம்பாது.

ஆறாவது, ஒலி வந்து படம் வராவிட்டால் உலாவியின் 'சிஸ்டம்' அமைப்பில் உள்ள வன்பொருள் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள். பழைய வரைகலைச் சில்லுகளில் இது பெரும்பாலும் பலன் தரும்.

செய்யக் கூடாதது

இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது, செய்யக் கூடாத ஒன்று. "காணொலியைப் பார்க்க இந்த பிளேயரை நிறுவவும்", "உங்கள் ஃபிளாஷ் பழையதாகிவிட்டது, இங்கே சொடுக்கவும்" என்று எந்தத் தளம் கேட்டாலும் சொடுக்கக் கூடாது. இன்று அடோபி ஃபிளாஷை வழங்குவதே இல்லை; அந்தப் பெயரில் வருவது பொறி. 2017 அக்டோபரில் ரஷியாவிலும் உக்ரைனிலும் பரவிய 'பேட் ராபிட்' என்ற தீநிரல், ஃபிளாஷ் புதுப்பிப்பு என்ற வேடத்தில்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. காணொலி ஓடாத ஏமாற்றத்தில் இருக்கும் மாணவர், எதையும் நிறுவத் தயாராக இருப்பார் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். அப்படி நிறுவிப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பழைய ஃபிளாஷ் பாடத்தைத்தான் திறந்தாக வேண்டும் என்றால் அதற்கும் பாதுகாப்பான வழி இருக்கிறது. 'ரஃபிள்' என்ற திறந்த மூல மென்பொருள், ஃபிளாஷ் கோப்புகளை உலாவியின் பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே இயக்கிக் காட்டுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2020 நவம்பரில் பழைய ஃபிளாஷ் படைப்புகளைக் காக்கத் தேர்ந்தெடுத்ததும் இதையே. எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது. எளிய அசைவூட்டப் பாடங்கள் பெரும்பாலும் ஓடும்.

மடிக்கணினி நல்ல நிலையில், ஆனால்...

இவ்வளவு செய்தும் ஓடாத ஒரு நிலை உண்டு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் பல வீடுகளில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்து இன்றும் உழைக்கின்றன. அவற்றில் தொடக்க காலத்தவை விண்டோஸ் 7 அல்லது 8 கொண்டவை. குரோம் அவற்றுக்கான ஆதரவை 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. 109-ஆம் பதிப்புக்கு மேல் அங்கே நிறுவ முடியாது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 115-ஆம் பதிப்பே எல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விசைப்பலகை வேலை செய்கிறது, திரை ஒளிர்கிறது. ஆனால், உரிமைப் பூட்டு நிரல் பழையதாகிவிட்டால் அதை ஏற்க மறுக்கும் உரிமை சேவை வழங்குபவரிடம் இருக்கிறது. பொருள் தேய்வதற்கு முன்பே அதன் பயன் தீர்ந்துவிடுகிறது.

இதற்கு மாற்று அந்த மடிக்கணினிகளுக்குள்ளேயே இருந்தது. அவை விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸையும் சுமந்து வந்தன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. இன்று, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றின் புதிய பதிப்பை நிறுவினால் அத்தகைய பழைய கணினி புதிய உலாவியுடன் மேலும் சில ஆண்டுகள் பாடம் காட்டும். தனியாகச் செய்யத் தயங்கும் மாணவருக்குக் கல்லூரிக் கணினித் துறையோ, நூலகமோ அரை நாளில் செய்து கொடுக்க முடியும்.

செலவு யார் தலையில்?

ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதில் தவறில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்த மென்பொருள் அது. ஆனால், அதைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களும் துறைகளும் தேர்வின் ஆதாயத்தைப் பெற்றன. மாற்றத்தின் செலவைச் சுமந்தவர் பயனாளர். ஒருவர் செய்யும் தேர்வின் சுமை, அந்தப் பேரத்தில் இடம்பெறாத இன்னொருவர் மீது விழுவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்பார்கள். எல்லாரும் ஒரே தொழில்நுட்பத்தில் இறங்கிவிட்ட பிறகு, சிறந்தது வந்தாலும் வெளியேற முடியாத நிலைக்குப் 'பூட்டப்படுதல்' என்று பெயர்.

அரசுகளும் இதில் சிக்கியிருக்கின்றன. தென்கொரியா 1990-களின் இறுதியில் இணைய வங்கிச் சேவைக்காகத் தனிக் குறியாக்க முறை ஒன்றை உருவாக்கி, அதை மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ்-எக்ஸ்' செருகுநிரலில் பொருத்தியது. உலகின் அதிவேக இணையம் கொண்ட நாடுகளில் ஒன்று, இருபது ஆண்டுகள் ஒரே உலாவியை நம்பி நின்றது. அதன் ஆணிவேராக இருந்த சான்றிதழ் முறையின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் சட்டப்படி நீங்கியது. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை, ஃபிளாஷ் நின்றபோது தன் வரிப் படிவங்கள் சில முடங்கியதைக் கண்டு, அவற்றைத் திறப்பதற்கென்றே ஓர் உலாவியை 2021 ஜனவரியில் வெளியிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய அனுபவமன்று. ஒருங்குறி பரவலாவதற்கு முன், ஒவ்வொரு நாளிதழின் இணையப் பக்கத்தையும் படிக்க ஒவ்வோர் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. ஓர் இதழின் எழுத்துரு இன்னோர் இதழுக்கு உதவாது. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிந்தவை பொருளற்ற குறிகள். 1999-இல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு பொதுத் தரத்துக்கு முயன்றது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று எந்தத் தமிழ்த் தளத்துக்கும் நாம் தனி எழுத்துரு தேடுவதில்லை. பொதுத் தரம் என்பது தெருவிளக்கைப் போன்றது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை, எவரையும் விலக்குவதும் இல்லை. அதனால்தான் அதைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

கொள்கை இருக்கிறது, நடைமுறை வேண்டும்

மின்னாளுகையில் திறந்த தரங்களையே பின்பற்ற வேண்டும் என்ற கொள்கையை இந்திய அரசு 2010 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஐஐடி-க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து நடத்தும் என்பிடெல், பாடக் காணொலிகளைப் பதிவிறக்கிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஆகவே வழி தெரியாமல் இல்லை. எஞ்சியிருப்பவை நான்கு பணிகள்.

பொதுப் பணத்தில் உருவாகும் எந்தக் கல்விக் காணொலியும் உரிமைப் பூட்டு இல்லாமல், எந்த நீட்டிப்பும் கேட்காமல், எளிய கைப்பேசியிலும் பத்தாண்டுப் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறதா என்று வெளியிடும் முன் சோதிக்க வேண்டும். திரைப்பட நிறுவனம் தன் முதலீட்டைப் பூட்டிக் காப்பதில் நியாயம் உண்டு. மக்கள் ஏற்கெனவே வரியாகப் பணம் கட்டிவிட்ட பாடத்துக்குப் பூட்டு எதற்கு?

ஒவ்வொரு காணொலிக்கும் குறைந்த அளவுடைய பதிவிறக்கக் கோப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மின்சாரமும் இணைப்பும் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் இறக்கிவைத்து, மழை நாளில் பார்த்துக்கொள்ள அதுவே உதவும்.

தனியாரிடம் பாட மென்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களில், திறந்த வடிவத்தில் மூலக் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இடம்பெற வேண்டும். தொழில்நுட்பம் மாறும்போது மீண்டும் முதலிலிருந்து விலை கொடுக்க வேண்டியிராது.

பள்ளி, கல்லூரி அலமாரிகளில் உறங்கும் ஃபிளாஷ் பாடங்களைக் கணக்கெடுத்து, பயனுள்ளவற்றைப் புதிய தரத்துக்கு மாற்ற வேண்டும். கணினி அறிவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செயல்திட்டம் இருக்காது. கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி போன்ற மலைப்பகுதிக் கல்லூரிகளே இதைத் தொடங்கலாம். தேவையை நேரில் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

காணொலி ஓடாதபோது நகரத்து மாணவர் வேறு கணினியைத் திறப்பார், கட்டண வகுப்புக்குப் போவார், நண்பரிடம் கேட்பார். பந்தலூர் மாணவருக்கு அந்தப் பாடம் அன்றைக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். அதைவிடக் கவலைக்குரியது, "எனக்குத்தான் கணினி தெரியவில்லை" என்று அவர் முடிவுகட்டிவிடுவது. மேலே சொன்ன ஆறு படிகளையும் செய்து பார்த்த பிறகும் அரசுத் தளத்தின் பாடம் ஓடவில்லை என்றால், திரையில் தோன்றும் செய்தியைப் படமெடுத்து, உலாவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, அந்தத் தளத்தின் பொறுப்பாளருக்கு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தெந்தக் கருவிகளில் சோதித்து வெளியிட்டீர்கள் என்று கேட்கும் உரிமை தேயிலைத் தோட்டத்து மாணவருக்கும் உண்டு.